சினிமா உடம்பும் நம்ம உடம்பும்

(நமது கூட்டமைப்பின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாதிப் பேர் கறிக்குழம்பை அடுப்பில் வைத்து, "கொதி வந்ததும் இறக்கு"ன்னு பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் சந்தா, தவணை, வங்கி இணைப்பு, தணிக்கை எதையும் நான் தொடப்போவதில்லை. அதையெல்லாம் செயலாளர் அக்கா பேசி முடித்துவிட்டார். நான் கொஞ்சம் ஊர்க்கதை, உலகக் கதை பேசலாம் என்றுதான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த வேப்ப மரத்தடியில் ஏழெட்டுப் பேர் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். ஏதோ வங்கிச் செய்தி போல என்று நானும் எட்டிப் பார்த்தேன். பார்த்தால் ஒரு நடிகை ஜிம்மில் கம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்! "ரெண்டு பிள்ளை பெத்தவ மாதிரியா இருக்கா, பாரு மதினி" என்று ஒரு குரல். "போன படத்துல நல்லாத்தான் இருந்தா, இப்ப எலும்பா போயிட்டா" என்று இன்னொரு குரல். "நம்மளும்தான் இருக்கோமே, அம்மிக்கல்லு மாதிரி" என்று மூன்றாவது குரல். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த அம்மிக்கல் என்ற வார்த்தை எனக்கு மனசில் தங்கிவிட்டது. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சினிமா பேசுவோம். 2008-ல் 'வாரணம் ஆயிரம்' படம் வந்தது ஞாபகம் இருக்கா? சூர்யா சட்டையைக் கழற்றி ஆறு கட்டு வயிற்றைக் காட்டினார். அதற்கப்புறம் நம்ம ஊர்ப் பையன்கள் எல்லாம் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பஸ்ஸில் வந்த பையன்களில் பாதிப் பேர் சிக்ஸ் பேக் பற்றித்தான் பேசுவார்கள். ஒருத்தருக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

2015-ல் அனுஷ்கா நடித்த 'இஞ்சி இடுப்பழகி' வந்தது. குண்டான பெண்ணாக நடிப்பதற்காக அந்தம்மா உண்மையிலேயே உடம்பைக் கூட்டிக்கொண்டார். பஞ்சு வைத்துத் தைத்து ஏமாற்றவில்லை. படத்தின் கதையே, இளைக்க வைக்கிறோம் என்று கடை திறந்து காசு பிடுங்குகிறவர்களை எதிர்த்துத்தான். ஆனால் படம் முடிந்த பிறகு, ஏற்றிய எடையை இறக்க அவர் பட்ட பாடு பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. அடுத்த வருஷம் 2016-ல் அமீர்கான் 'தங்கல்' படத்துக்கு எடையைக் கூட்டினார், பிறகு அதே படத்துக்காகக் குறைத்தார்.

இவர்களை நான் குறை சொல்லவில்லை சகோதரிகளே. அவர்களுக்கு உடம்புதான் தொழில் கருவி. தையல் அக்காவுக்கு மெஷின் மாதிரி. மெஷினுக்கு எண்ணெய் போடுகிற மாதிரி அவர்கள் உடம்புக்கு வேலை செய்கிறார்கள். அதற்கு சம்பளம் வாங்குகிறார்கள். பயிற்சி கொடுக்க ஒருத்தர், என்ன சாப்பிடணும் என்று சொல்ல ஒருத்தர், சமைத்துக் கொடுக்க ஒருத்தர். நமக்கு யார் இருக்கா? நாம்தான் நாலு பேருக்குச் சமைக்கிறோம். மிச்சம் இருந்தால் சாப்பிடுகிறோம். மிச்சம் வீணாகிவிடுமே என்று இன்னொரு கரண்டியும் சாப்பிடுகிறோம்!

சரி. இப்போது அந்த அம்மிக்கல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு குழு. பெயர் வேண்டாம். போன வருஷம் அந்தக் குழுக் கூட்டத்துக்கு நான் போயிருந்தபோது ஓர் அக்கா உள்கடன் கேட்டார். 8,000 ரூபாய். ஊக்குநர் வழக்கம்போல "எதுக்கு அக்கா?" என்று கேட்டார். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார்: "உடம்பு இளைக்கிற பவுடர் வாங்கணுமாம்."

உடனே ஒருத்தர் கொல்லென்று சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்த டப்பாவை எனக்குக் காட்டினார்கள். மேலே ஓர் அழகான பெண் படம். காலையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் கலக்கிக் குடிக்கணுமாம். விற்கிறவர் வெளியாள் இல்லை, பக்கத்து ஊர்க் குழுவில் இருக்கிற நம்ம உறுப்பினரே. ஆள் சேர்த்தால் அவருக்குக் கமிஷன். இங்கேதான் எனக்குச் சங்கடம். நம்ம உறுப்பினர் பிழைப்பைக் கெடுக்கிறோமே என்றும் இருக்கிறது. நம்ம உறுப்பினர் பணம் போகிறதே என்றும் இருக்கிறது.

நான் அன்றைக்குக் கணக்குத்தான் பேசினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 800 வீதம் பத்துத் தவணை. அசல் 8,000, வட்டி 440. இந்தப் பணத்துக்கு முட்டை வாங்கினால்? முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் 8,000 ரூபாய்க்கு ஆயிரத்து நூறுக்கு மேல் வரும். தினம் மூன்று முட்டை, ஒரு வருஷத்துக்கு! எல்லோரும் தலையாட்டினார்கள். கடன் இல்லை என்று தீர்மானம் எழுதினார்கள். நானும் நல்ல வேலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அந்த அக்கா அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சந்தாவை மட்டும் மகனிடம் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். நிலக்கோட்டை மார்க்கெட்டில் இருந்து வருகிற மல்லி. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அதே இடம்தான். முன்பெல்லாம் பூப் பறிக்கப் போவாராம். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் வெயில் ஏறுகிறவரை குனிந்து நிமிர்ந்து வேலை. கர்ப்பப்பை எடுத்த பிறகு அது முடியவில்லை என்று கட்டுகிற வேலைக்கு வந்தார். வேலை மாறியது. சாப்பாடு மாறவில்லை. உடம்பு ஏறிவிட்டது. முட்டி வலி வேறு.

"மேடம், முட்டைக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும்" என்றார். "எம் பொண்ணு ஒன்பதாவது படிக்கா. ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம்னாங்க. நீ வராதம்மா, அப்பா வரட்டும்னு சொல்லிட்டா."

எனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் இதற்கு ஒரு பாடம் இருந்திருக்கும், எனக்கு ஞாபகம் வரவில்லை. கடனை மறுத்தது தப்பு என்று இப்போதும் நான் சொல்லவில்லை. ஆனால் பத்துப் பேர் நடுவில் சிரித்தது தப்பு. அதை நான் தடுக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அதைவிடத் தப்பு. இன்றைக்கு வேப்ப மரத்தடியில் அம்மிக்கல் என்று கேட்டதும் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. நாம் நடிகையைப் பார்த்துச் சிரிக்கிறோம், நம்மைப் பார்த்தும் சிரித்துக்கொள்கிறோம். நம்ம பிள்ளைகள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இது வெறும் மனசு வருத்தம் மட்டும் இல்லை. 2026 ஜனவரியில் மதுரையில் நடந்தது செய்தியில் வந்ததே! கல்லூரியில் படிக்கிற பெண். யூடியூப்பில் ஏதோ பார்த்துவிட்டு, உடம்பு இளைக்கும் என்று நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டாள். உயிரே போய்விட்டது. மதுரை நமக்கு எத்தனை தூரம்? நம்ம பிள்ளைகள் கையிலும் அதே போன்தான் இருக்கிறது.

இப்போது இளைக்க வைக்கிற ஊசியும் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்று இரண்டு ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. அது பொய் மருந்து இல்லை. சர்க்கரை நோய்க்கும் அதிக உடல் பருமனுக்கும் டாக்டர் பார்த்து எழுதித் தருகிற மருந்து. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்ப ஏறுகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் யாராவது உங்களிடம் அதை விற்க வந்தால் ஊக்குநரிடம் சொல்லுங்கள், என்னிடமும் சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? நான் "நடங்கள்" என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாக் குழுவிலும் ஒரே பதில்தான். "நாங்க நாள் முழுக்க வேலை செய்யிறோம், எங்களுக்கு எதுக்கு மேடம் வாக்கிங்? அதெல்லாம் ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கவங்களுக்கு."

இது பாதி சரி சகோதரிகளே. நான் மறுக்கப்போவதில்லை. ஒரு கதை சொல்கிறேன். போன ஜனவரி ஒண்ணாம் தேதி நானும் தீர்மானம் போட்டேன். நம்ம குழுத் தீர்மானம் மாதிரி இல்லை, தனியாளாகப் போட்டது. 1,200 ரூபாய்க்கு ஷூ வாங்கினேன். ஒன்பதாம் தேதியோடு சரி. ஷூ இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, எலி அதை நன்றாகப் பயன்படுத்துகிறது. ஆனால் அந்த ஒன்பது நாளில் போனில் அடி எண்ணிக்கை பார்த்தேன். வீடு வீடாகப் போகிற களப்பணியாளர் என்று பெயர். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுப் போகிறேன். ஒரு நாளில் 2,000 அடிகூட வரவில்லை! அன்றைக்கு என் பக்கத்தில் பூப் பறிக்கிற அக்கா நின்றிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

அதனால் யாருக்கு என்ன தேவை என்று பார்க்க வேண்டும். காட்டில் களை எடுக்கிறவர், பூப் பறிக்கிறவர், செங்கல் சூளையில் சுமக்கிறவர், உங்களுக்கு வாக்கிங் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமே உடல் உழைப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறது. உங்களுக்குத் தேவை ஒரு வேளை நல்ல சாப்பாடும் கொஞ்சம் ஓய்வும். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இந்தக் கூட்டத்தில் வரிசைக்கு இரண்டு பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூச்சு வாங்குகிறது, படி ஏற முடியவில்லை என்றால் அது பருமனால்தான் என்று நினைக்காதீர்கள். ரத்தம் குறைவாகவும் இருக்கலாம். அப்படி இருக்கிறவர் பட்டினி கிடந்து பவுடர் குடித்தால் என்ன ஆகும்? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், முட்டை, நர்சம்மா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. அதாவது ரத்தசோகையும் நம்ம வீட்டில்தான், பருமனும் நம்ம வீட்டில்தான். சில பேருக்கு இரண்டும் சேர்ந்தே! பூக் கட்டுகிறவர், தைக்கிறவர், கடையில் உட்கார்ந்திருக்கிறவர், என்னை மாதிரி வண்டியில் திரிகிறவர், நமக்குத்தான் நடை தேவை. நம்ம அம்மா காலத்து உழைப்பை நினைத்துக்கொண்டு நம்ம காலத்து உடம்பை நாம் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். கிணற்றுக்குப் போனவர்கள் அவர்கள். நமக்குத் தண்ணீர் குழாயில் வருகிறது, மாவு மிக்ஸியில் அரைகிறது. அது நல்லதுதான், நான் பழையபடி ஆட்டுக்கல்லுக்குப் போங்கள் என்று சொல்லமாட்டேன். ஆட்டுக்கல்லைப் புகழ்ந்து பேசுகிற ஆண்கள் யாரும் அதில் மாவு ஆட்டியது கிடையாது.

எவ்வளவு நடக்கணும்? பத்தாயிரம் அடி என்று போனில் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருஷம் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணுகிற சின்னக் கருவியை விற்றது. அதற்குப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தார்கள். விற்பதற்கு வைத்த பெயர் அது, டாக்டர் வைத்த கணக்கு இல்லை. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சராசரி வயது 72. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்கள் மத்தியில் இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் அந்தப் பலன் மேலும் கூடவில்லை. அதனால் பத்தாயிரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

அதைவிடச் சுலபமான கணக்கு வாரம் 150 நிமிஷம். நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். இரண்டு நாள் லீவு, சந்தோஷமா? நடக்கும்போது பக்கத்தில் இருக்கிறவரிடம் பேச முடியணும், ஆனால் பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். பேச முடியணும் என்பதில் உங்களுக்குக் கஷ்டமே இருக்காது!

போன மாதம் ஒரு குழுவில், "வீட்டுக்காரர் வேண்டாங்கிறார் மேடம், அந்தக் கன்னட நடிகர் ஜிம்முக்குப் போயித்தானே செத்தாரு" என்று ஒரு தங்கச்சி சொன்னது. புனித் ராஜ்குமாரைத்தான் சொல்கிறது. 2000-ல் வீரப்பன் கடத்திக்கொண்டு போனாரே நடிகர் ராஜ்குமார், அவருடைய கடைசி மகன். 2021 அக்டோபர் 29-ஆம் தேதி பெங்களூரில் மாரடைப்பு. வயது 46 தான். அன்று காலை உடற்பயிற்சி செய்திருந்தார் என்று செய்தி வந்ததும் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பெங்களூரில் இதய ஆஸ்பத்திரிகளில் ஜனங்கள் போய் வரிசையில் நின்றார்கள். அவர் கண்களைத் தானம் செய்தார்கள், அதைப் பார்த்து நிறையப் பேர் கண்தானத்துக்குப் பதிவு செய்தார்கள். பயந்தாலும் அந்த ஊர் ஜனங்கள் செய்தது சரியான காரியம், போய் உடம்பைக் காட்டினார்கள். நம்ம வீட்டுக்காரர்கள் அந்தச் செய்தியில் இருந்து எடுத்துக்கொண்டது, "நீ நடக்காதே" என்பதை மட்டும்!

சமந்தாவையும் சொல்லணும். ஜிம்மில் எடை தூக்குகிற படமாகவே அவரைப் பார்த்திருக்கிறோம். 2022 அக்டோபரில் தனக்கு மயோசைடிஸ் என்ற தசை நோய் வந்திருப்பதாக அவரே வெளியில் சொன்னார். அவ்வளவு உழைத்த உடம்புக்கும் நோய் வந்தது. அது அவர் குற்றமா? இல்லை. அதே மாதிரிதான் நமக்கும். சுகர் வந்துவிட்டால் "நீ தின்ன தின்னுக்கு வந்துச்சு" என்று மாமியாரும் சொல்லக்கூடாது, குழுவும் சொல்லக்கூடாது. குடும்பத்தில் இருந்தும் வரும், வயதாலும் வரும். 2023-ல் வந்த பெரிய ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு சர்க்கரை நோய் என்று கண்டார்கள். எவ்வளவு பேருக்குத் தெரியாமலே இருக்கும்!

அதனால் நடக்கிறதுக்கு முன்னால் பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது வயது தாண்டிய எல்லோரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் பிரஷர் பார்க்கிற வேலைக்கு எடுத்தது யாரை? சுய உதவிக் குழுப் பெண்களைத்தான். நம்ம கூட்டத்திலும் அப்படி வேலை பார்த்தவர் இருக்கிறார், வெட்கப்பட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கருவியைப் பிடிக்கத் தெரிந்த கை நம்ம கைதான். நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை என்றால் நின்றுவிடுங்கள். பெண்களுக்குப் பல சமயம் நெஞ்சு வலியே பெரிதாகத் தெரியாமல் மூச்சுத் திணறலும் குமட்டலும் அசதியுமாக வரும். நாம் "கேஸ் பிரச்சனை"ன்னு ஓமத் தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். படுக்கக்கூடாது, 108-க்கு அடிக்கணும்.

இனி, அந்தப் பூக் கட்டும் அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அன்றைக்கு நான் திண்ணையில் உட்கார்ந்து சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க அக்கா, நாளைக்கு என்கூட பி.எச்.சி.க்கு வாங்க" என்று மட்டும் கேட்டேன். வந்தார். பிரஷர் 160-க்கு 100. அவருக்கு அதுவரை தெரியாது. தலைவலி என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். நானும் பார்த்தேன், சுகர் எல்லைக்கோட்டில். இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த கூட்டத்தில் அன்றைக்கு முதலில் சிரித்த அக்காதான் எழுந்து, "நான் உங்கூட நடக்க வர்றேன் மதினி" என்றார். அப்படி ஆரம்பித்து நாலு பேர் ஆனார்கள். கண்மாய்க் கரையில் காலை ஐந்தரை மணிக்கு. முதலில் வராதவருக்கு ஐந்து ரூபாய் அபராதம் என்று சேமிப்புக் கூட்டம் மாதிரியே விதி வைத்தார்கள். நானும் கைதட்டினேன். இரண்டாவது வாரமே ஒருத்தர் நின்றுவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனாருக்குக் கஞ்சி, வர முடியவில்லை, அபராதம் ஏறுகிறது, மானம் போகிறது. அபராதத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, வராதவர் வீட்டு வாசலில் நின்று ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவது. வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் நாளைக்கு. தனியாளாக ஷூ வாங்கிய நான் ஒன்பது நாளில் நின்றேன். செருப்போடு நடக்கிற இவர்கள் ஏழு மாதமாக நடக்கிறார்கள். நடுவில் மழைக்கு மூன்று வாரம் விட்டுப்போனது. பொங்கலுக்கு ஒரு வாரம் விட்டுப்போனது. மறுபடி ஆரம்பித்தார்கள்.

டீக்கடையில் பேசினார்கள், அது இல்லாமலா? "சினிமாவுல சான்ஸ் வந்திருக்காம்" என்று ஒருத்தர் கத்தினாராம். அந்த அக்கா திரும்பி, "ஆமாண்ணே, உங்களுக்கு அம்மாவா நடிக்கக் கூப்பிட்டிருக்காங்க" என்றாராம். அதற்கப்புறம் பேச்சு இல்லை.

எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். இரண்டு கிலோ. அவ்வளவுதான். டப்பாவில் போட்டிருக்கிற மாதிரி மாதம் ஐந்து கிலோ எல்லாம் இல்லை. பிரஷர் 130-க்கு 84 வந்திருக்கிறது, மாத்திரையும் சேர்த்துத்தான், மாத்திரையை நிறுத்தவில்லை. முட்டி வலி குறைந்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை. அவரே போன வாரம் சொன்னார், பிள்ளை பத்தாவது வந்துவிட்டதாம், கணக்கு மார்க் குறைவாம், வாத்தியார் நேரில் சொன்னாராம். "நேர்லயா?" என்றேன். "ஆமா, நாந்தான் போனேன். அவ ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல" என்றார்.

போன மாதம் அதே அக்கா மறுபடி உள்கடன் கேட்டார். 600 ரூபாய், டார்ச் லைட் வாங்க. கண்மாய்க் கரையில் தெருவிளக்கு நாலில் மூன்று எரிவதில்லை. பாம்பு வேறு. நாலு பெண்கள் இருட்டில் நடக்க வேண்டியிருக்கிறது. கடன் உடனே கொடுத்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தெருவிளக்குக்குப் பதிலாக நாம் ஏன் கடன் வாங்கி டார்ச் வாங்கணும்? அதையும் அங்கேயே கேட்டார்கள்.

அதனால் அடுத்த கிராம சபைக்கு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கண்மாய்க் கரைக்கு விளக்கு, பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓரத்து முள்ளை வெட்ட வேண்டும், நாய்த் தொல்லை, மூன்றே கோரிக்கை. உங்கள் ஊரில் வேறு இடம் என்றால் ஊர்ப் பெயரை மாற்றி எழுதிக்கொள்ளலாம், நகல் வைத்திருக்கிறேன். பிரஷர் கருவி அந்த மூலை மேஜையில் இருக்கிறது, டீ குடிப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், குடித்த பிறகு பார்த்தால் கூடுதலாகக் காட்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்தப் பக்கம் வாங்க. என்கிட்ட பேனா ஒண்ணுதான் இருக்கு, வரிசையா வாங்க. குழம்பை அடுப்புல வச்சுட்டு வந்தவங்க முதல்ல வாங்க.